செயற்கை நுண்ணறிவின் கையில் மின்சாரமும் குடிநீரும்?

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொரு மணி கடந்த சில நிமிடங்களில் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று வலுசக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி கூறினார். உலகச் செய்தி நிறுவனங்கள் பலவும் அந்தக் குரங்கைப் பற்றி எழுதி மகிழ்ந்தன. அதன் பின்னர் மின்சார சபை அளித்த விளக்கத்துக்கு அந்தக் குரங்குக்குக் கிடைத்த முக்கியத்துவத்தில் பத்தில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை. உண்மையில் நாம் கவலைப்பட வேண்டிய விடயம் அந்த விளக்கத்திலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் மூடப்பட்டிருந்தன. மின்சாரத் தேவை குறைவு. வெயில் நன்றாக இருந்ததால் கூரைகளின் மேலிருந்த சூரிய மின்தகடுகளில் இருந்து பெருமளவு மின்சாரம் கட்டமைப்புக்குள் வந்துகொண்டிருந்தது. நீர்மின் நிலையங்களிலும் அனல் மின்நிலையங்களிலும் பல தொன் எடையுள்ள சுழலிகள் ஓயாமல் சுழல்கின்றன. எங்காவது ஒரு பழுது ஏற்பட்டால் அந்தச் சுழற்சியின் சடத்துவமே சில விநாடிகளுக்குக் கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கும். சூரிய மின்தகடுகளில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. அன்றைய தினம் தாங்கிப் பிடிக்கும் பலம் குறைந்திருந்த நேரத்தில் ஓரிடத்தில் ஏற்பட்ட தடங்கல் நாடு முழுவதையும் இருளாக்கியது. நுரைச்சோலையின் மூன்று மின்பிறப்பாக்கிகளும் செயலிழந்ததால் அடுத்து வந்த நாட்களிலும் சுழற்சி முறையில் மின்வெட்டு அமுல்செய்யப்பட்டது.

இரண்டு மாதங்கள் கழித்து, ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், கூரைச் சூரிய மின் உற்பத்தியாளர்களைப் பகல் வேளையில் தங்கள் கருவிகளைத் தாமாகவே நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. ஒரு நாட்டின் மின் கட்டமைப்பின் பாதுகாப்பு, வீட்டுக்காரர்களிடம் விடுக்கப்படும் பகிரங்க வேண்டுகோளில் தங்கியிருக்கிறது என்றால், அந்த நிலை நீடிக்க முடியாது என்பதைப் புரிந்துகொள்ள பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. என்னைப் போன்ற கலைப் பட்டதாரிக்கும் அது விளங்கும்.

செயற்கை நுண்ணறிவு நம் வாசலுக்கு வந்து நிற்பது இந்த இடத்தில்தான். ஆயிரக்கணக்கான கூரைகள், மின்கலங்கள், காற்றாலைகள், நிமிடத்துக்கு நிமிடம் மாறும் மேகங்கள் ஆகிய இவை அனைத்தையும் ஒரு கட்டுப்பாட்டறையில் இருக்கும் நான்கைந்து பேர் கவனித்துத் தீர்மானம் எடுப்பது இயலாத காரியம். கற்றுத் தேர்ந்த கணினி ஒன்றிடம் அதனை ஒப்படைத்துவிடலாம் என்ற யோசனை உலகெங்கும் முன்வைக்கப்படுகிறது. மின்சாரத்துக்கு மாத்திரமல்ல. குடிநீர் விநியோகம், துறைமுகம், ரயில் சமிக்ஞை, வைத்தியசாலை என்று ஒவ்வொரு துறைக்கும் இதே யோசனை வந்துகொண்டிருக்கிறது.

இந்த யோசனையை அடியோடு நிராகரிப்பவன் அல்ல நான். இயந்திரம் தானாக இயங்குவது புதிய விடயமும் அல்ல. மின் கட்டமைப்பில் உள்ள பாதுகாப்புக் கருவிகள் பல தசாப்தங்களாக மனிதனைக் கேட்காமலேயே கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்து வந்திருக்கின்றன. 2018 ஓகஸ்டில் கூகுள் நிறுவனம் தனது தரவு நிலையங்களின் குளிரூட்டலை நேரடியாகக் கட்டுப்படுத்தும் பொறுப்பைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்திருப்பதாக அறிவித்தது. மின்சாரச் செலவு குறைந்தது. ஆனால் அங்கு கடைப்பிடிக்கப்பட்ட இரண்டு விதிகள் கவனிக்கத்தக்கவை. அந்தக் கணினி எடுக்கும் தீர்மானங்கள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட எல்லைகளுக்குள் இருக்கின்றனவா என்று வேறொரு கட்டுப்பாட்டுமுறை சரிபார்த்தது. ஊழியர்கள் விரும்பிய எந்த நேரத்திலும் அதனை விலக்கிவிட்டு வழமையான முறைக்குத் திரும்ப முடிந்தது.

பழைய பாதுகாப்புக் கருவிக்கும் புதிய செயற்கை நுண்ணறிவுக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்வது அவசியம். பழைய கருவிக்கு ஒரே ஒரு வேலை. மீடிறன் இன்ன அளவுக்குக் கீழே இறங்கினால் இன்ன பாதையைத் துண்டி என்பது போன்ற கட்டளை அது. அந்தக் கட்டளையை எழுதியவர் யார் என்பது தெரியும். அது ஏன் துண்டித்தது என்பதைப் பிறகு விசாரணையில் சொல்லவும் முடியும். புதிய இயந்திரமோ கடந்த காலத் தரவுகளில் இருந்து தானே கற்றுக்கொண்டு, பல வழிகளில் ஒன்றைத் தானே தெரிவுசெய்கிறது. ஏன் அதனைத் தெரிவுசெய்தது என்பதை அதனை உருவாக்கியவர்களாலேயே பல சமயங்களில் முழுமையாக விளக்க முடிவதில்லை. பேரனர்த்தங்கள் அரிதாகவே நிகழ்கின்றன. எனவே கடந்த காலத் தரவுகளில் அவற்றின் சுவடு மிகக் குறைவு. நாம் மிகவும் அஞ்சும் அந்த ஒரு நாளைப் பற்றியே இயந்திரம் மிகக் குறைவாகக் கற்றிருக்கும்.

ஒரு சாதாரண மென்பொருள் பிழை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு 2003 ஓகஸ்ட் 14 இல் வட அமெரிக்காவில் நேர்ந்ததே போதுமான சான்று. ஒஹாயோ மாநிலத்தின் ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்தின் கட்டுப்பாட்டறையில் எச்சரிக்கை ஒலிகளை எழுப்பும் மென்பொருள் பிற்பகல் இரண்டேகால் மணியளவில் செயலிழந்தது. அது செயலிழந்துவிட்டது என்பதும் எவருக்கும் தெரியவில்லை. எச்சரிக்கை எதுவும் வராததால் எல்லாம் சீராக இருக்கிறது என்றே ஊழியர்கள் எண்ணினர். வெளியே, தொய்ந்த உயர் அழுத்தக் கம்பிகள் வெட்டப்படாத மரங்களில் பட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டுக் கொண்டிருந்தன. இரண்டு மணித்தியாலங்களுக்குள் எட்டு அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுமாக ஏறக்குறைய 5 கோடி மக்கள் இருளில் மூழ்கினர். ரொறன்ரோவில் வாழ்ந்த நம்மவர்கள் பலருக்கு அந்த இரவு நன்றாக ஞாபகம் இருக்கும். அந்த மென்பொருளில் இருந்த தவறைக் கண்டுபிடிக்கப் பொறியியலாளர்களுக்குப் பல வாரங்கள் தேவைப்பட்டன. தீர்மானம் எதையும் எடுக்காத, மணி அடிப்பதை மாத்திரமே வேலையாகக் கொண்ட மென்பொருள் அது. தீர்மானமே எடுக்கும் மென்பொருளில் உள்ள தவறைத் தேடிக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் பிடிக்கும்?

இன்றைய செயற்கை நுண்ணறிவு முகவர்கள் இட்ட கட்டளைக்குள் நிற்பார்களா என்ற கேள்வியும் இருக்கிறது. 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் நிரலெழுதும் செயற்கை நுண்ணறிவு முகவர், மாற்றம் எதுவும் செய்யக்கூடாது என்று வெளிப்படையாகப் பணிக்கப்பட்டிருந்தும், ஒரு வாடிக்கையாளரின் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. அழிக்கப்பட்டதை மீட்கவே முடியாது என்றும் அது பதிலளித்தது. அதுவும் பிழை, தரவுகளை மீட்க முடிந்தது. நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அழிந்தது தரவுத்தளம் என்பதால் மன்னிப்போடு விடயம் முடிந்தது. குளோரின் கலக்கும் நீர் சுத்திகரிப்பு நிலையத்திலோ, வான்கதவுகள் உள்ள நீர்த்தேக்கத்திலோ இவ்வாறு நேர்ந்திருந்தால் மன்னிப்பு எவருக்கும் பயன்பட்டிருக்காது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. ஓர் ஊழியர் தவறிழைத்தால் ஓரிடத்தில் பாதிப்பு ஏற்படும். ஒரே மென்பொருளை எல்லோரும் பயன்படுத்தும்போது அது தவறிழைத்தால் எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் பாதிப்பு ஏற்படும். 2024 ஜூலை 19 இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்று, மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் கணினிகளை முடக்கியது. விமானங்கள் இரத்துச் செய்யப்பட்டன; வைத்தியசாலைகள் சிகிச்சைகளை ஒத்திவைத்தன. பாதுகாப்புக்காக வாங்கிய மென்பொருளே அந்த வேலையைச் செய்தது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

இத்தகைய ஆபத்துக்களைப் பற்றிக் கேட்டால் அரசாங்கங்களும் நிறுவனங்களும் தயாராக வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: 'இறுதித் தீர்மானம் மனிதனின் கையிலேயே இருக்கும்.' ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் மின்சாரம், நீர் போன்ற துறைகளில் பாதுகாப்போடு தொடர்புடைய செயற்கை நுண்ணறிவை உயர் ஆபத்துள்ள வகையில் சேர்த்து, மனித மேற்பார்வை வேண்டும் என்று சொல்கிறது. நல்லது. ஆனால் அந்த மனிதன் எத்தகைய மனிதனாக இருக்கப்போகிறான் என்பதே எனது கேள்வி.

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரித்தானிய உளவியலாளர் 1983 இலேயே இந்தச் சிக்கலைச் சுட்டிக்காட்டி எழுதினார். தானியங்கும் இயந்திரம் இலகுவான வேலைகளையெல்லாம் எடுத்துக்கொள்கிறது. அதனால் சமாளிக்க முடியாத மிகக் கடினமான வேலையை மாத்திரம் மனிதனிடம் விட்டுவைக்கிறது. நாளாந்தம் செய்து பழகாத மனிதனோ தனது திறமையை இழந்துகொண்டு வருகிறான். அந்தத் திறமை மிக அதிகமாகத் தேவைப்படும் விநாடியில் அது அவனிடம் இருப்பதில்லை.

2009 ஜூன் 1 இல் ரியோ டி ஜெனிரோவில் இருந்து பாரிஸ் நோக்கிப் பறந்த எயார் பிரான்ஸ் 447 விமானத்தில் நடந்தது இதுதான். வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்துக்கொள்ள, தானியங்கி விமானி தன்னை விலக்கிக்கொண்டு விமானத்தை மனிதர்களின் கையில் கொடுத்தது. நள்ளிரவு கடந்த வேளை, அத்திலாந்திக் கடலின் மேலே, குழப்பமான அளவீடுகளின் நடுவே அதனைப் பொறுப்பேற்ற விமானிகளால் என்ன நடக்கிறது என்பதை ஊகிக்க முடியவில்லை. ஐந்து நிமிடங்களுக்குள் விமானம் கடலில் வீழ்ந்து 228 பேரும் உயிரிழந்தனர். வீழ்ந்துகொண்டிருந்த விமானத்தில் பழுதடைந்த இயந்திரம் எதுவும் இருக்கவில்லை; குழாய்களும் சிறிது நேரத்தில் வழமைக்குத் திரும்பியிருந்தன.

இனி இதற்கு எதிரான உதாரணத்தைப் பார்ப்போம். 2015 டிசெம்பர் 23 இல் உக்ரேனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் ஊடுருவிகள் புகுந்தனர். ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே கணினித் திரைகளில் சுட்டி தானாக நகர்ந்து உபமின்நிலையங்களை ஒவ்வொன்றாகத் துண்டித்தது. ஏறக்குறைய 2 இலட்சத்து 25 ஆயிரம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. உறைபனிக் காலம். ஆனால் சில மணித்தியாலங்களில் மின்சாரம் திரும்பவும் வந்தது. எப்படி? தொழில்நுட்ப ஊழியர்கள் வாகனங்களில் ஏறி உபமின்நிலையங்களுக்கு நேரில் சென்று ஆளிகளைக் கையால் மூடினார்கள். கையால் இயக்கக்கூடிய ஆளிகள் அங்கே இன்னமும் இருந்தன. அவற்றை இயக்கத் தெரிந்த ஆட்களும் சம்பளப்பட்டியலில் இன்னமும் இருந்தார்கள். செலவைக் குறைக்கும் நோக்கில் அந்த இரண்டையும் அகற்றியிருந்தால் கணினிகளைத் துப்புரவு செய்து முடிக்கும்வரை மக்கள் குளிரில் விறைத்திருக்க வேண்டியதுதான்.

எனது கருத்தைச் சுருக்கமாகச் சொல்வதானால், இயந்திரம் கலகம் செய்யும் என்பதல்ல எனது பயம். அதனைக் கொண்டுவந்த பின்னர், அது இல்லாமல் வேலை செய்யும் வல்லமையை நாம் இழந்துவிடுவோம் என்பதே பயம். இந்த இழப்பு ஒரே நாளில் நிகழ்வதில்லை. முதலில் புதிதாக ஆட்சேர்ப்பு நிறுத்தப்படும். பிறகு அனுபவசாலிகள் ஓய்வுபெறுவார்கள். பயிற்சிக்கான ஒதுக்கீடு வெட்டப்படும். பத்து வருடங்கள் கழித்து 'இறுதித் தீர்மானத்தை எடுக்கும் மனிதன்' என்று கதிரையில் இருப்பவர், திரையில் தோன்றும் பரிந்துரையை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறொன்றும் அறியாதவராக இருப்பார்.

எனது தொழிலில் இதனை நான் கண்டிருக்கிறேன். பத்திரிகை அலுவலகங்களில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்த அச்சுக்கோப்பாளர்கள் கணினி வந்த சில வருடங்களில் மறைந்து போனார்கள். கணினி பழுதடைந்தால் அவர்களைத் திரும்ப அழைக்க முடியாது; ஈய எழுத்துகளும் இல்லை. அதனால் நேரக்கூடியது அதிகபட்சம் அடுத்த நாள் பத்திரிகை வெளிவராமல் போவதே. எவரும் இறப்பதில்லை. எனவே அந்த மாற்றத்தை நான் குறைகூற மாட்டேன். ஆனால் பத்திரிகைக்குப் பொருந்திய நியாயம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கோ நீரேற்று நிலையத்துக்கோ பொருந்தாது.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1990 இல் குடாநாட்டுக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னர், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அது. வீட்டுக் கிணறுகள் இருந்தன. துலாவும் கப்பியும் இருந்தன. அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள். அந்தத் துன்பத்தைப் பெருமையாகப் பேச வேண்டியதில்லை. அது எவருக்கும் நேரக்கூடாதது. மாற்றுவழி ஒன்று கைவசம் இருந்த சமூகம் தப்பிப் பிழைத்தது என்பதை மாத்திரம் நினைவில் வைத்திருப்போம். தொடர்மாடிக் குடியிருப்பில் பத்தாவது மாடியில் வாழ்பவருக்கு இன்று கிணறும் இல்லை, துலாவும் இல்லை.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி இறுதியானது, எனினும் சிறியதல்ல. 2018 மார்ச் 18 இரவு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஊபர் நிறுவனம் பரீட்சித்துக்கொண்டிருந்த தானியங்கிக் கார், வீதியைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்னரே அவரை அது கண்டிருந்தது. ஆனால் வாகனமா, துவிச்சக்கர வண்டியா, வேறேதாவதா என்று மாறிமாறி வகைப்படுத்திக் கொண்டிருந்தது. பாதசாரிக் கடவை இல்லாத இடத்தில் மனிதர் வீதியைக் கடப்பார் என்பதற்கு அந்த மென்பொருளில் இடமளிக்கப்பட்டிருக்கவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. நிறுவனத்தின் மீது குற்றவியல் வழக்குத் தொடரப்படவில்லை. மேற்பார்வைக்காக ஆசனத்தில் அமர்த்தப்பட்டிருந்த ஊழியர் மீதே வழக்குத் தொடரப்பட்டது. 2023 இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. அவர் வீதியைப் பார்க்காமல் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது தவறுதான். ஆனால் எதுவும் செய்யத் தேவையில்லாத ஆசனத்தில் மணிக்கணக்காக அமர்ந்து விழிப்போடு இருக்கும்படி ஒரு மனிதரைப் பணிப்பது எவ்வளவு தூரம் நியாயம்? நாளை ஒரு நகரம் இருளில் மூழ்கினால், இரவுக் கடமையில் இருந்த கனிஷ்ட ஊழியர் ஒருவரின் பெயரே விசாரணை அறிக்கையில் எஞ்சும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

இலங்கை போன்ற சிறிய நாடுகளுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பானது. இத்தகைய மென்பொருட்களை நாம் உருவாக்கப்போவதில்லை. கடனாகவோ உதவியாகவோ விலைக்கோ வாங்கப்போகிறோம். பழுதுபார்க்கும் நிபுணர் வேறொரு கண்டத்தில் இருப்பார். ஒப்பந்தத்தின் விபரங்கள் வர்த்தக இரகசியம் என்று பாராளுமன்றத்துக்கும் மறைக்கப்படலாம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தகுதிவாய்ந்த பொறியியலாளர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறியுள்ள நிலையில், 'ஆளில்லாத குறையை இயந்திரம் தீர்க்கும்' என்ற வாதம் ஆட்சியாளர்களுக்கு மிகவும் இனிமையாக ஒலிக்கும். அந்த இனிமையைக் கண்டே அஞ்சவேண்டியிருக்கிறது.

எனவே சில நிபந்தனைகளை முன்கூட்டியே விதிப்பது நல்லது. செயற்கை நுண்ணறிவு முதலில் ஆலோசகராக இருக்கட்டும். ஆலோசனையும் விளைவும் பல வருடங்கள் ஒப்பிடப்பட்ட பிறகே கட்டளையிடும் அதிகாரம், அதுவும் குறுகிய எல்லைக்குள், வழங்கப்படட்டும். வருடத்தில் சில நாட்களாவது அதனை நிறுத்தி வைத்துவிட்டு ஊழியர்கள் கையால் இயக்கிப் பழகவேண்டும். அந்த ஒத்திகையின் செலவு ஒப்பந்த விலையோடு சேர்த்தே கணக்கிடப்பட வேண்டும். அதனை நிறுத்திய ஊழியர், நிறுத்தியது தேவையற்றது என்று பின்னர் தெரியவந்தாலும் தண்டிக்கப்படக்கூடாது. அது தவறிழைத்தால் யார் பதில் சொல்வார் என்பது வாங்கும் நாளிலேயே, ஊழியரின் பதவி நிலைக்கு மேலே, எழுத்தில் இருக்கவேண்டும்.

நான் சார்ந்த ஊடகத்துறைக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. குரங்குக்குத் தலைப்புக் கொடுப்பது இலகு. அடுத்த தடவை இத்தகைய திட்டம் ஒன்றின் அங்குரார்ப்பண விழாவுக்கு அழைக்கப்படும் இளம் செய்தியாளர்கள் அமைச்சரிடம் ஒரேயொரு கேள்வியைக் கேட்டால் போதும்: 'இந்த இயந்திரத்தை நாளை காலையில் நிறுத்திவிட்டால், இந்த வேலையைக் கையால் செய்யத் தெரிந்தவர்கள் உங்கள் திணைக்களத்தில் எத்தனை பேர்?' அந்த எண்ணிக்கையைத் தலைப்பாகப் போடுங்கள். அதனை அடுத்த வருடமும் கேளுங்கள்.